அவசரம் என்று எழுதிய உறைகள்

கித்தேரிதுறை
8 பிப்ரவரி 2026, ஞாயிறு

ஷெர்லி அக்காவுக்கு,

உறையின் மேல் ‘சகோதரி அமலோற்பவம்’ என்று எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால்தான் கன்னியர் மடத்தில் உன் கையில் கொடுப்பார்கள். உள்ளே நீ ஷெர்லிதான். இரண்டு வருடமாகியும் அந்தப் புதுப் பெயர் எனக்கு வாயில் வரவில்லை.

சிவப்பு மையில் ‘அவசரம்’ என்றும் எழுதியிருக்கிறேன். போன தடவை, நூலகத்தில் இரண்டு புத்தகத்தில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டதற்கும் அப்படி எழுதி உன்னிடம் திட்டு வாங்கினேன். இது அப்படியில்லை. முழுவதும் படி.

ஜனவரி முப்பதாம் தேதி விடியும்போது ஒரு டேங்கர் லாரி நம் ஓடைப் பாலத்தில் நின்று, கப்பல்களில் இருந்து வழித்தெடுத்த கழிவு எண்ணெயை ஓடைக்குள் திறந்துவிட்டுப் போய்விட்டது. லாரி யாருடையது என்று ஒருவரும் பார்க்கவில்லை. நான் பள்ளிக்குக் கிளம்பியபோது ஓடை புதிதாகத் தார் போட்ட சாலை மாதிரி கிடந்தது. ஒரு கொக்கு அதில் இறங்கியது. பிறகு எழும்பவே இல்லை. இரண்டு அதிகாரிகள் வந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதோடு சரி.

அன்று மத்தியானமே ஊர்க் கமிட்டி கூடி, ஓடை வாயை மணல் மூட்டை போட்டு அடைத்துவிட்டார்கள். எண்ணெய் கடலுக்கு வந்தால் கரையில் நிற்கும் வள்ளமும் வலையும் கெட்டுப்போகுமாம். ஆனால் ஓடைக்குள்தானே அம்மாவும் மற்ற ஐந்து பேரும் கம்பு நட்டு, கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கிறார்கள்? அம்மா கேட்டதற்குத் தலைவர் மரியான் அண்ணாச்சி சொன்னது: “ஏளா மெட்டில்டா, ஆறு பொம்பளைய சிப்பிக்காக அறுவது வள்ளத்த நாறடிக்கச் சொல்லுதியா?”

மேல்கயிற்றுச் சிப்பி எல்லாம் செத்துவிட்டது. அடிக்கயிற்றில் இருப்பவை வாயை இறுக்கி மூடிக்கொண்டு இன்னும் உயிரோடு இருக்கின்றன. தட்டிப் பார்த்தேன், கனமான சத்தம் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மா பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டாள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. இரண்டு வருடம். உயிர்ப்பு ஞாயிறு முடிந்த செவ்வாய், ஏப்ரல் ஏழு, திருவனந்தபுரத்தில் விமானம். என்னை விடுதியில் சேர்க்கப் போகிறார்கள். நான் அழுதபோது அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்: “ஓடை உசிரோட வந்துட்டா நான் எதுக்குளா போறேன்?”

அப்பா போனார். நீ போனாய். அம்மாவும் போனால் இந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவது?

எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா உண்டு என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். எங்கோ ஒரு குளிர்நாட்டுக் கடற்கரையில் பாறைகளில் ஒட்டிய எண்ணெயை அவை தின்று தீர்த்தனவாம். நீ அதைத்தான் கல்லூரியில் படித்தாய். அப்பா சங்கு குளித்துப் படிக்க வைத்த படிப்பு அது. எங்கே கிடைக்கும், என்ன கொடுக்க வேண்டும், எத்தனை நாள் ஆகும்? சீக்கிரம் எழுது.

விஜிலா
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’

•

அடைப்பு மடம்
14 பிப்ரவரி 2026

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கை விஜிலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடிதம் முழுவதும் கோபம் தெரிகிறது. அப்பா இறந்த பிறகு நான் உங்களை விட்டு ஓடிவிட்டதாக நீ இன்னும் நினைக்கிறாய். நான் ஓடவில்லை, அழைக்கப்பட்டேன். அப்பாவின் ஆன்மாவுக்காக இங்கே தினமும் செபிக்கிறேன். அம்மா ஞாயிறு பூசைக்குப் போகிறாளா? முன்பு கேட்டதற்கும் நீ பதில் எழுதவில்லை. மூன்று நாளுக்கு முன் லூர்து அன்னையின் திருநாளில் எங்கள் சிற்றாலயத்தில் நூறு மெழுகுதிரிகள் ஏற்றினோம். நம் ஊரின் துயரத்தை அந்த ஒளியில் ஒப்புக்கொடுத்தேன். மனிதன் கெடுத்ததையும் கடவுள் ஆற்றுவார் என்று நம்பு. அம்மாவிடம் கடுமையாகப் பேசாதே. அவள் எடுத்த முடிவு உனக்காகத்தான்.

மடத்தை விட்டு வெளியே வராத எங்களுக்குக் கடிதத்துக்கு ஒரு தாள்தான். ஒரு பக்கம் முடிந்துவிட்டது.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த பாக்டீரியாவை எங்கும் போய் வாங்க வேண்டாம். கடல்நீரில் ஏற்கெனவே இருக்கிறது. டீசலும் கிரீசும் தேங்கும் இடங்களில் நிறைய இருக்கும். மெல்வின் மாமா வேலை செய்யும் சரக்குத் தோணியின் என்ஜின் அடியில் கறுப்புத் தண்ணீர் தேங்குமே, அதில் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் தின்று பழகியவை வாழ்கின்றன. ஆனால் எண்ணெய் மட்டும் அவற்றுக்குப் போதாது. வெறும் சோற்றைக் குவித்துவைத்து உப்பும் குழம்பும் இல்லாமல் சாப்பிடச் சொன்னால் எப்படி? நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். வயலுக்குப் போடும் யூரியாவிலும் சூப்பர் பாஸ்பேட்டிலும் அவை இருக்கின்றன. மிகக் கொஞ்சமாகப் போட வேண்டும். முதலில் ஒரு தொட்டியில் செய்து பார். ஓடையில் எதையும் போடாதே. மற்றதை உயிர்ப்புக்குப் பிறகு எழுதுகிறேன். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. நாற்பது நாளும் எங்களுக்குக் கடிதம் எழுதவோ வாங்கவோ வழக்கமில்லை. இடமும் இல்லை.

சகோ. அமலோற்பவம்

•

கித்தேரிதுறை
25 பிப்ரவரி 2026

அக்காவுக்கு,

இது உங்கள் மடத் தலைவி மதரின் மேசையில் உயிர்ப்பு வரை கிடக்கும் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். உறையில் மறுபடி சிவப்பு மை. ஒருவேளை யாராவது இரக்கப்பட்டுக் கொடுப்பார்கள்.

உயிர்ப்புக்குப் பிறகு எழுதுகிறேன் என்றாய். அதற்கு மறுநாளுக்கு மறுநாள் அம்மாவின் விமானம். உன் தாளின் ஒரு பக்கம் முழுவதும் மெழுகுதிரி எரிந்தது, அக்கா. மன்னித்துக்கொள். ஆனால் நான் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வேறு ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று.

மெல்வின் மாமா ஒரு கேனில் தோணித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “உலகத்துல எல்லாரும் தோணியில பேரீச்சம்பழம் கொண்டுவரச் சொல்லுவாவ. இவ ஒருத்திதான் அழுக்குத் தண்ணி கேக்கா” என்று சிரித்தார். ஸ்ரீவைகுண்டத்தில் வயல் உள்ள எங்கள் அறிவியல் ஆசிரியை பேச்சிச்செல்வி டீச்சர் ஒரு சின்னப் பொட்டலம் யூரியாவும் பாஸ்பேட்டும் தந்தார்.

கொல்லையில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டி. இரண்டிலும் ஓடைத் தண்ணீர், மேலே எண்ணெய். ஒன்றை அப்படியே விட்டேன். இரண்டாவதில் தோணித் தண்ணீரும் உப்பும் குழம்பும். காலையும் மாலையும் பொறுமையில்லாமல் அகப்பையால் கிளறிக் கிளறிப் பார்த்தேன்.

இன்று ஒன்பதாவது நாள். முதல் தொட்டியில் எண்ணெய் போர்வை மாதிரி கிடக்கிறது. இரண்டாவதில் அந்தப் போர்வை கிழிந்துவிட்டது! சின்னச் சின்னச் செதில்களாகப் பழுப்பு நிறத்தில் உடைந்து அடியில் இறங்குகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் விரலை விட்டு, மோந்து பார்த்து, முந்தானையில் துடைத்தாள். துணியில் கறை படவில்லை.  பல நாளுக்குப் பிறகு இன்று ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

விஜிலா

•

கித்தேரிதுறை
11 மார்ச் 2026

அக்கா,

அடிக்கயிற்றுச் சிப்பிகளைத் தட்டினால் இப்போது பத்தில் நான்கு கலகலவென்று காலியாக ஒலிக்கிறது. போன வாரம் இரண்டுதான். இன்னும் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

பள்ளி அலுவலக போனில் இருந்து உங்கள் மடத்துக்கு அழைத்தேன். வாசலைப் பார்த்துக்கொள்ளும் சகோதரி எடுத்தார். தவக்காலத்தில் உள்ளே இருப்பவர்கள் பேச மாட்டார்கள், யாருக்காவது உயிருக்கு ஆபத்தா என்று கேட்டார். சிப்பிக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன். எழுதி அனுப்பும்மா, மதரிடம் சொல்லுகிறேன் என்றார்.

மதரிடம் சொல்லியிருந்தால், இதை நீ இப்போதே படித்தால், ஒரே ஒரு வரி போதும். ஓடைக்கு எவ்வளவு போடுவது? வேறு எதுவும் செய்ய வேண்டுமா? ஒரு தபால் அட்டை. செபம்கூட எழுத வேண்டாம்.

பேச்சிச்செல்வி டீச்சருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. “தொட்டி வேற, ஓட வேற, விஜிலா. ஒங்க அக்கா பதில் வரட்டும்” என்கிறார். எல்லாரும் காத்திரு என்கிறார்கள். காலண்டர் மட்டும் காத்திருக்கவில்லை.

குருசடிச் சிலுவை முன்னால் ஆறு பெண்களும் நேற்றுக் கூடினார்கள். என் இரண்டாவது தொட்டியை நடுவில் வைத்தேன். சனிக்கிழமை செய்வதாக முடிவு. மரியான் அண்ணாச்சி அந்தப் பக்கம் போனவர் நின்று, “என்னளா, ஓடைக்கு உரம் போட்டு நெல்லு நடப் போறீயளா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. “எம்மவ படிச்சுச் சொல்லுதா” என்றாள்.

அக்கா, அம்மா அப்படிச் சொன்னது எனக்குப் பயமாக இருக்கிறது.

விஜிலா

•

கித்தேரிதுறை
19 மார்ச் 2026

அக்கா, அக்கா!

ஓடையில் போடாதே என்றாய், போட்டுவிட்டோம். நான்கு கேன் தோணித் தண்ணீர். ஐந்து மூட்டை யூரியா, மூன்று பாஸ்பேட். தொட்டியில் போட்ட அளவை வைத்து, ஓடையின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் கயிறு பிடித்து அளந்து, பெருக்கி, மூன்று தடவை சரிபார்த்தேன். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நெல் விதைக்கிற மாதிரியேதான் வீசினார்கள்.

இன்று ஐந்தாவது நாள். பாலத்தில் நின்று பார்த்தால் எண்ணெய்த் தோல் நடுவில் கிழிந்து, தண்ணீரில் வானம் தெரிகிறது! நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு ஓடையில் வானம். மேலே பச்சையாக ஒரு நுரை ஒதுங்குகிறது. அதுவும் உயிர்தானே, நல்லதுதானே?

அம்மா நேற்று ஏஜென்ட்டிடம் போனில், “பாத்துச் சொல்லுதேன் தம்பி, இன்னும் முழுசா முடிவு பண்ணல” என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இந்த வருடம் முழுவதும் நான் கேட்டதிலேயே நல்ல வாக்கியம் அதுதான்.

விஜிலா

•

கித்தேரிதுறை
29 மார்ச் 2026, குருத்து ஞாயிறு

செவ்வாய்க்கிழமை தண்ணீர் பால் மாதிரி ஆனது. புதன்கிழமை அழுகிய முட்டை நாற்றம். வியாழக்கிழமை மீன்குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நண்டுகள் தண்ணீரை விட்டு வெளியே ஏறிக் கம்புகளில் ஒட்டிக்கொண்டன. வெள்ளிக்கிழமை எல்லாம் மிதந்தன.

நேற்று அம்மா அடிக்கயிற்றைத் தூக்கினாள். எல்லாச் சிப்பியும் திறந்திருந்தது. எல்லாமே. எண்ணெயில் ஐம்பது நாளுக்கு மேல் வாயை மூடி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவை, நான் போட்டதில் இரண்டே வாரத்தில் செத்தன.

எண்ணெய் போய்விட்டது, அக்கா. கம்பில்கூட ஒட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

என்ன தப்பு செய்தேன்? கணக்கை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஐந்து பெண்களும் கோயிலில் குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்ததும் ஏஜென்ட்டுக்கு போன் போட்டாள். “வாரேன் தம்பி.” அவ்வளவுதான் பேசினாள்.

இந்த உறையில் அவசரம் என்று எழுதவில்லை.

வி.

•

அடைப்பு மடம்
5 ஏப்ரல் 2026, உயிர்ப்பு ஞாயிறு

விஜிலா,

இன்று காலைப் பூசை முடிந்து, தவக்காலத்துக் கடிதங்களை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு நான்கு. தேதி வரிசையில் படித்தேன். மூன்றாவதைப் படிக்கும்போதே நான்காவதில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது. பிரிக்கக் கை வரவில்லை.

நீ கணக்கில் தப்பு செய்யவில்லை. ஓடையில் போடாதே என்று மட்டும் எழுதி, ஏன் என்று நான் எழுதாமல் விட்டதுதான் தப்பு. அவை எண்ணெயைத் தின்னும்போது மூச்சு விடும், விஜிலா. கோடி கோடியாகப் பெருகும்போது தண்ணீரில் இருக்கும் காற்று முழுவதையும் அவையே எடுத்துக்கொள்ளும். திறந்த கடலில் அலை புதுக்காற்றைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். உன் புத்தகத்தில் வந்த கடற்கரையில் அதனால்தான் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. உன் தொட்டியில் நீ பொறுமையில்லாமல் அகப்பையால் கிளறியது அவற்றுக்குக் காற்றுக் கொடுத்தது. வாய் அடைத்த ஓடையை யார் கிளறுவார்கள்? ‘ஓடை வாயைத் திறக்காமல் எதையும் போடாதே.’ இவ்வளவுதான் நான் எழுதியிருக்க வேண்டியது. அதற்கு என் தாளில் இடம் இல்லாமல் போயிற்று. நூறு மெழுகுதிரிக்கு இடம் இருந்தது.

இனி எழுதுவதை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன்.

மார்ச் நடுவில், உன் போன் வந்த பிறகு, மதர் என்னைக் கூப்பிட்டார். “வீட்டில் இருந்து இரண்டு கடிதம். இரண்டிலும் அவசரம் என்று போட்டிருக்கிறது. வேண்டுமா? விதிவிலக்கு உண்டு” என்றார். உறையின் மூலை அவர் கைக்குக் கீழே தெரிந்தது. உன் சாய்ந்த எழுத்து. இந்த வருடம் தவக்கால ஒறுத்தலுக்கு எதை விடுவது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டை விடுவது எனக்குப் பழகிவிட்டது. உன் கடிதத்தைப் படிக்காமல் இருப்பதுதான் மிகவும் கடினம் என்று தோன்றியது. அதனால் அதையே ஒப்புக்கொடுத்தேன். “உயிர்ப்பு வரை இருக்கட்டும், மதர்” என்றேன். அந்தக் குழந்தை நூலகப் புத்தகத்துக்கும் அவசரம் என்றுதான் எழுதுவாள் என்று சிரித்தும் சொன்னேன். மூன்றாவது வந்தபோது மதர் கேட்காமலே இருந்தார். அந்த உறைக்கட்டு மேசையில் தடித்துக்கொண்டே போனதைத் தினமும் பார்த்து, தினமும் என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

அப்பா கடலடியில் சங்கு எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே படகில் கம்பிரசர் நின்றுபோனது. குழாயில் காற்று வரவில்லை. அந்த வீட்டில் பிறந்த நான் காற்றைப் பற்றி எழுத மறந்தேன்.

இன்று மதர் போனைக் கொடுத்தார். அம்மாவின் எண்ணுக்கு ஏழு தடவை அழைத்தேன். அணைத்து வைத்திருப்பதாக வருகிறது. எத்தனை தாள் வேண்டுமானாலும் எழுது என்றும் சொல்லிவிட்டார். எழுத ஒன்றும் இல்லை. இவ்வளவுதான்: போன வியாழக்கிழமைதான் பௌர்ணமி, இன்னும் ஓரிரு நாளைக்குக் கடலேற்றம் பெரிதாக இருக்கும். எப்படியாவது ஓடை வாயை வெட்டச் சொல். எண்ணெய் இல்லையென்றால் கமிட்டிக்குப் பயம் இருக்கக் கூடாது. அம்மாவைச் செவ்வாய் போக வேண்டாம் என்று சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே. அதற்கு எனக்கு உரிமை இல்லை.

ஷெர்லி

•

கித்தேரிதுறை
12 ஏப்ரல் 2026

அக்காவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மா செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். கடிதத்தைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன். கடைசியில் ஷெர்லி என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். கிழிக்கவில்லை.

ஓடை வாயை வெட்டியாகிவிட்டது. நீ சொல்வதற்கு முன்பே.

பெரிய வெள்ளி மத்தியானம் மூன்று மணிக்கு ஊரே கோயிலில் இருந்தது. அம்மா என் பக்கத்தில் இல்லை. தேடிக்கொண்டு ஓடைக்குப் போனேன். மணல் மூட்டை மேல் தனியாக நின்று மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தாள். கறுப்புச் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கடல் அந்தப் பக்கம் மூட்டைக்குச் சமமாக ஏறி நின்றது.

“அம்மா, இன்னைக்கு வேல செய்யக் கூடாதும்மா.”

“இது வேல இல்ல.” நிமிராமல் சொன்னாள். “போன வாரம் வியாழக்கெழம அந்த மீன் குஞ்சுவ வாயத் தொறந்து தொறந்து மூடுச்சே, பாத்தியா? ஒங்கப்பனப் படகுல போட்டுக் கரைக்குக் கொண்டாந்தப்ப அப்பிடித்தான் கெடந்தாரு. அன்னைக்குக் கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னொரு தடவ நிக்க மாட்டேன். அந்த மூட்டையப் பிடி.”

பிடித்தேன். நான் படித்ததெல்லாம் வைத்துக் கண்டுபிடிக்காததை அவள் அந்த வாயைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஏழாவது மூட்டையை இழுத்தபோது கடல் தானாகவே உள்ளே வந்தது. மிச்சத்தை அதுவே தள்ளியது. அம்மாவின் இடுப்பில் இருந்த போனையும் கொண்டுபோய்விட்டது. அதனால்தான் நீ அழைத்தபோது எடுக்கவில்லை.

கோயில் விட்டு வந்த மரியான் அண்ணாச்சி கரையில் நின்று கத்தினார். “யாரக் கேட்டு வெட்டுன?”

“யாரக் கேட்டு அடைச்சிய?” என்றாள் அம்மா. “வந்து மோந்து பாருங்க அண்ணாச்சி. எண்ணெ இருந்தா எந் தலையால அடைக்கேன்.”

அவர் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினார். கையைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். கறை படவில்லை. திரும்பி நடந்தார். மறுநாள் காலையில் யாரோ மிச்ச மூட்டைகளை எடுத்துக் கரையில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

அப்படியானால் இரு அம்மா, ஓடை திறந்துவிட்டதே என்று கேட்டேன். அவள் என் தலையைத் தடவினாள். புதுச் சிப்பிக்குஞ்சு வந்து ஒட்டி, வளர்ந்து, விற்கிற அளவு ஆக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றாள். அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். “ஒன் மேல தப்பு இல்லளா” என்றாள் பஸ்ஸில் ஏறும்போது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மறுபடி சொன்னாள். அவள் இரண்டு தடவை சொல்லியிருக்காவிட்டால் நம்பியிருப்பேன்.

உன்னைப் பற்றிக் கேட்டாள். பதில் வரவில்லை என்றேன். “அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. எழுதாத” என்றாள். நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்று சொல்லவில்லை.

ஜூன் வரை மெல்வின் மாமா வீட்டில் இருக்கிறேன். பிறகு விடுதி. பகலில் சாவி வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து படிக்கிறேன். காலி சிப்பி ஓடுகளைக் கழுவி, துளை போட்டு, கயிற்றில் கோத்து, ஓடையில் பழைய கம்புகளில் கட்டியிருக்கிறேன். குஞ்சுகள் ஓட்டில்தான் ஒட்டுமாம். ஐந்து பெண்களில் இரண்டு பேர் வந்து உதவினார்கள். பேசவில்லை, உதவினார்கள்.

இன்று காலை ஏற்றத்தில் ஓடைக்குள் ஒரு மடவை மீன்குஞ்சு துள்ளியது. விரல் நீளம்தான். முதலில் நம்பவில்லை. இன்னொரு தடவை துள்ளியது. அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டு பாலத்தில் இருந்து ஓடினேன். வாசல்வரை போய், பூட்டைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது.

அதனால் உனக்கு எழுதுகிறேன். உறையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். இப்போது தவக்காலம் இல்லை. உடனே படி.

விஜிலா